இடதுகைக்காரி மா ஸா

நம் வயதுக்காரர்களில் வேறு யாருக்காவது மா ஸாவை நினைவிருக்கிறதா என்று அடிக்கடி யோசிப்பேன். அவளை மறந்திருந்தாலும் வாடகைப் புத்தகக் கடைகளை மறந்திருக்க மாட்டீர்கள். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ரங்கூனில் தெருவுக்கு ஒன்றாவது இருந்தது. இப்போது எல்லாரும் யாங்கோன் என்கிறார்கள், என் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. கடைச் சுவரில் கயிறு கட்டி, படக்கதைப் புத்தகங்களைத் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே முழங்கால் உயரம்கூட இல்லாத மர முக்காலிகள். அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பக்கங்கள் பிரிந்துவிடாமல் இருக்க அட்டையோடு சேர்த்துத் தடித்த நூலால் தைத்திருப்பதால் புத்தகம் முழுதாக விரியாது. தையல் ஓரத்தில் மாட்டிக்கொண்ட ஆட்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

லான்மடாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே அப்படி ஒரு கடை. அதை நடத்திய பர்மியப் பெண்மணியை நாங்கள் டாவ்டாவ் என்போம். அத்தை என்று அர்த்தம். பருத்த உடம்பு, கன்னமெல்லாம் சந்தனம்போல அரைத்த தனாக்காப் பட்டையின் பூச்சு, மடியில் எப்போதும் ஒரு பூனை. அவள் கடையில் எந்தப் புத்தகத்துக்கும் இல்லாத தள்ளுமுள்ளு மா ஸாவுக்கு இருந்தது.

மா ஸா ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். பர்மியத்தில் ஸா என்றால் பசி. பெயருக்கு ஏற்றபடி அவளுக்கு எந்த நேரமும் பசிக்கும். கைலிபோல இடுப்பில் சுற்றிய பச்சை லோன்ஜியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவாள், செருப்பைச் சாக்கடையில் விடுவாள், வகுப்பில் எல்லாரும் பிரார்த்தனைக்குக் கண் மூடியிருக்கும்போது களுக்கென்று சிரிப்பாள். அவள் பெரிய சாதனை எதையும் செய்து நான் பார்த்ததில்லை. நம்மைப் போலவே மாட்டிக்கொள்வாள், அடி வாங்குவாள், மறுமாதம் புதிதாக வருவாள். இன்னொரு விசேஷம், அவள் இடதுகைக்காரி. இடது கையால் எழுதுவாள், இடது கையால் சாப்பிடுவாள். எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாரும் அவளைப் பார்த்து இடது கையால் சாப்பிட ஆரம்பித்து, வீட்டுக்கு வீடு கரண்டியால் அடி விழுந்தது.

அந்த மா ஸாவை வரைந்தது என் மாமா. அம்மாவுடைய தம்பி.

எங்கள் வீட்டில் தெருவைப் பார்த்த சின்ன அறை அவருடையது. கல்யாணம் ஆகவில்லை. ஏதோ ஒரு அச்சுக்கூடத்துக்குப் படம் வரைந்து கொடுப்பார். அறைக்குள் ஒரு மேசை. அதன் மேல்பலகைக்குப் பதிலாகக் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் ஒரு பல்பு. படம் வரைகிறவர்களின் மேசை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரையும்போது கதவைச் சாத்திக்கொள்வார். மின்சாரம் போய்விட்டால் கதவு திறக்கும், மாமா வெளியே வந்து சோம்பல் முறிப்பார். மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு வரையலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "மேல இருந்து வர்ற வெளிச்சம் எனக்கு ஒத்துக்காது பாப்பா" என்றார். அதையும் நம்பினேன்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூப்பிடுவார். "இன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு." நான் சொல்வேன். டீச்சர் தும்மியபோது பல்செட் மேசையில் விழுந்தது, நான் மதியச் சோற்றை முதல் மணிக்கே தின்றுவிட்டுப் பக்கத்துப் பெண்ணின் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும். மாமா வாய்விட்டுச் சிரிப்பார். அடுத்த மாதம் மா ஸாவின் டீச்சர் தும்முவாள். பல்செட் பறக்கும்.

"மா ஸா யாரு தெரியுமா? நீதான்" என்பார் மாமா.

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வகுப்பில் சொன்னேன், படிக்கட்டில் சொன்னேன், தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன். டாவ்டாவ் என்னைப் பார்த்தாலே "மா ஸா, பசிக்குதா?" என்று கேட்டு ஒரு பலகாரத்தைக் கையில் வைப்பாள். அம்மாவுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. அம்மாவுக்குப் பர்மியம் பேச வரும், எழுத்து தெரியாது. அதனால் புது மா ஸா வந்ததும் மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் கடையில் கூடுவார்கள். டாவ்டாவ் ஒவ்வொரு குரலாக மாற்றி மாற்றி வாசிப்பாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். கதையில் வருவது போன மாதம் நம் வீட்டில் நடந்தது என்று தெரியவந்தால் என்னை முழங்கையால் இடிப்பாள்.

ஒரு நாள் மின்சாரம் போய், மாமா டீக்கடைக்குப் போயிருந்த நேரம் பென்சில் எடுக்க அவர் அறைக்குள் போனேன். மின்சாரம் திரும்பி வந்து, கண்ணாடிக்கு அடியில் பல்பு தானாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிமேல் ஒரு தாள். அதில் மா ஸா பாதி வரைந்தபடி இருந்தாள். அவளுக்கு அடியில் இன்னொரு தாள். அதில் அவளே முழுதாக இருந்தாள்.

மேல்தாளை எடுத்துப் பார்த்தேன். அடியில் இருந்தது மெல்லிய ட்ரேஸிங் தாள். பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு தடித்த புத்தகம் பிரித்துக் கிடந்தது. அதிலும் மா ஸா. ஆனால் அவள் லோன்ஜி கட்டவில்லை. மடிப்பு மடிப்பான பாவாடையும் மாலுமிகளுடையதுபோன்ற காலர் வைத்த சட்டையும் போட்டிருந்தாள். கன்னத்தில் தனாக்கா இல்லை. அவள் வாயிலிருந்து வந்த எழுத்துகள் பூச்சி பூச்சியாக இருந்தன. அவள் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா வந்து நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"ஜப்பான் புத்தகம்" என்றார். "கப்பல்ல வேலை பாக்குற சிநேகிதன் கொண்டாந்து தர்றான். அவங்க வலதுலேர்ந்து இடதுக்குப் படிப்பாங்க. நமக்கு அது ஆகாது. அதான் தாளைத் திருப்பிப் போட்டு வரையுறேன். திருப்பினா வலது கை இடது கை ஆயிடும்."

"அப்ப மா ஸா நான் இல்லையா?"

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அழவில்லை. டாவ்டாவ் கொடுத்த பலகாரங்கள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன.

அவர் அந்தப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். "இந்த எழுத்துல ஒண்ணுகூட எனக்குத் தெரியாது பாப்பா. இந்தப் பொண்ணு என்ன சொல்றா, எதுக்குச் சிரிக்கிறா, ஒண்ணும் தெரியாது. படம் அவங்களோடது. பேச்சு உன்னோடது. நீ வந்து சொல்ற பேச்சத்தானே நான் இவ வாயில போடுறேன்."

என் ஆத்திரம் அடங்கிவிட்டது. மறுநாளிலிருந்து எனக்கு அந்த அறைக் கதவும் திறந்தது. அந்த மழைக்காலம் முழுக்க நானும் மாமாவும்தான் மா ஸாவைச் செய்தோம். அவர் ஒரு பக்கத்தைக் காட்டுவார், இது என்னவாக இருக்கும் என்று நாங்கள் இருவரும் மண்டையை உடைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் முழுக்கப் பனி கொட்டியது. வீட்டுக் கூரையெல்லாம் வெள்ளை, வாசலில் ஒரு வெள்ளைப் பொம்மை.

"நம்ம ஊர்ல பனிக்கு எங்க போறது? இந்தக் கதை வேணாம்" என்றார் மாமா.

"இது பஞ்சு மாமா. மா ஸா தலகாணிய எல்லாம் கிழிச்சிட்டா."

"ஏன் கிழிச்சா?"

"உள்ள யாரோ மிட்டாய ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு நெனச்சிட்டா."

மாமா எழுந்து நின்று என்னைத் தூக்கிச் சுற்றினார். அந்த மாதம் எங்கள் தெருவில் மூன்று நான்கு வீடுகளில் தலையணை கிழிந்தது. எனக்கு வேறென்ன வேண்டும். மா ஸா நான் இல்லாவிட்டால் போகிறது, மா ஸா வாயைத் திறந்தால் பேசுவது நான்தான். கையெல்லாம் கறுக்கிற அந்த இந்திய மை, மாமாவின் எச்சில் தொட்ட பேனா, கண்ணாடியின் இளஞ்சூடு, இவற்றை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷமும் குமட்டலும் சேர்ந்தே வருகிறது.

அப்பாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அப்பாவுக்கு இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை. காலையில் ஊரைச் சுற்றி வரும் ரயிலைப் பிடித்துப் போவார், இருட்டும் முன் வருவார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் என்று போவார். வந்ததும் வராததுமாக ஈரத்துண்டை நெற்றியில் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். தலைவலி. பட்டறைச் சத்தம் அப்படி என்பாள் அம்மா. அப்பா படுத்திருக்கும்போது நாங்கள் குசுகுசுவென்றுதான் பேச வேண்டும். நான் தைலத்தை எடுத்துப்போய்க் கொடுப்பேன், அவரே தேய்த்துக்கொள்வார். அவர் தலையை நான் தொட்டதாக நினைவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாவ்டாவ் தன் தங்கையைப் பார்க்க இன்சீனுக்குப் புறப்பட்டாள். பேச்சுத்துணைக்கு என்னையும் அழைத்துப் போனாள். ரயிலில் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. கூடைக்காரிகள் கீரையோடும் கோழியோடும் ஏறி இறங்கினார்கள். இன்சீனில் இறங்கிச் சந்தையில் டாவ்டாவ் பம்பளிமாசுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தேன்.

எதிர்ச் சந்திலிருந்து அப்பா வந்தார். தோளில் ஒரு சின்னப் பெண். மூன்று வயது இருக்கலாம். அப்பாவின் நெற்றியை இரண்டு கையாலும் தபலா மாதிரி அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட ஒரு பர்மியப் பெண், கையில் சந்தைக் கூடை. அந்தக் குழந்தை என்னவோ சொன்னது, அப்பா குதிரைபோல இரண்டு எட்டு துள்ளினார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டினாள்.

நான் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர்கள் கூட்டத்தில் மறைந்ததும் டாவ்டாவிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் எதையும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது பம்பளிமாசை உரித்துக் கொடுத்தாள். நான் தின்றேன்.

அன்று அப்பா வந்து, ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார். நான் தைலம் எடுத்துக் கொடுத்தேன்.

யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் மாமா அடுத்த கதைக்கு எடுத்த பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. அந்த ஜப்பான் பெண் ஒரு கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாள். தூரத்தில் அவள் அப்பா வேறொரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறார். இப்படியும் நடக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். படக்கதையில் வரும் அப்பாக்கள் தோளில் யாரையாவது தூக்கிக்கொண்டுதான் போவார்கள், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எனக்குத்தான் அது என் படமாகத் தெரிந்தது.

"சொல்லு பாப்பா. இவ என்ன நெனைக்கிறா?"

மாமா என் முகத்தைப் பார்த்துப் பேனாவை மூடி வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சந்து, குழந்தை, தபலா, குதிரை. கடைசியில் அழுகையும் விக்கலுமாக இதையும் சொன்னேன்: "வீட்டுக்கு வந்தா தலவலிங்கிறாரு மாமா. அங்க தலமேலயே ஒருத்திய உக்கார வச்சிருக்காரு."

மாமா தன் லோன்ஜி நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். "அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. நீங்களும் சொல்லக் கூடாது. இதை எழுதவும் கூடாது."

என் தலையில் கை வைத்தார். "எழுத மாட்டேன். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள."

புது மா ஸா வந்த மத்தியானம் வழக்கம்போலப் பெண்கள் கூடினார்கள். அம்மா புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் முக்காலியில் இருந்தேன். டாவ்டாவ் வாசித்தாள். மா ஸா சந்தைக்குப் போகிறாள், பலகாரக்காரியிடம் ஏமாறுகிறாள், எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். டாவ்டாவ் பக்கத்தைத் திருப்பினாள். மா ஸா கம்பத்துக்குப் பின்னால் நின்றாள். டாவ்டாவ் படத்தை எல்லாருக்கும் காட்டினாள். அப்புறம் மா ஸாவின் குரலில், மூக்கால், வாசித்தாள்.

நான் தமிழில் சொன்னது பர்மியத்தில் வந்தது. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

கடையே அதிர்ந்தது. ஒருத்தி சிரித்துச் சிரித்து முக்காலியிலிருந்து சரிந்தாள். "இன்னொரு தரம் வாசி" என்றாள் இன்னொருத்தி. டாவ்டாவ் இன்னொரு தரம் வாசித்தாள். முதல் தரம் அம்மாவும் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்தேன். இரண்டாம் தரம் அவள் கை கீரைத் தண்டோடு அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேல வா."

வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு அம்மா என்னை அறைந்தாள். அவள் என்னை அறைந்தது அந்த ஒருமுறைதான். "யார்கிட்டடி சொன்னே?" என்று கேட்டாள். திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டாள். "மாமாகிட்ட மட்டும்தாம்மா" என்றேன். அவள் கீரைத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தெரு அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டது. யாராவது தலைவலி என்றால் போதும், "தலைமேல யாரு?" என்று கேட்பார்கள். மா ஸா நான்தான் என்று நானே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். ஒருநாள் இரண்டு நாளில் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் கேட்கவில்லை, அம்மா மாடி ஏறும்போது பேச்சை நிறுத்தினார்கள். மா ஸா புத்தகம் இன்சீன் பட்டறைக்கும் போகும். அங்கே சாப்பாட்டு நேரத்தில் கைக்குக் கை மாறும். அந்தச் சந்து தெரிந்தவர்கள் அங்கே நிறைய.

அப்பா ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். டிபன் கேரியரைச் சத்தமில்லாமல் வைத்தார். துண்டு கட்டவில்லை.

"உன் தம்பியை விட்டு என்னைச் சந்தி சிரிக்க வச்சிட்ட" என்றார் அம்மாவிடம்.

"அது கதை" என்றாள் அம்மா. "ஜப்பான் கதை. அவன் எங்கயோ பாத்து எழுதுறான்."

"தலவலி ஜப்பான்லேர்ந்து வந்துச்சா?"

அப்பா தகரப் பெட்டியை எடுத்துத் துணிகளை வைத்தார். அம்மா தடுக்கவில்லை, அவருடைய இன்னொரு சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கூடக் கொடுத்தாள். போகும்போது அப்பா என்னைப் பார்த்தாரா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் தங்கவில்லை.

மாமாவின் அறைக்குப் போனேன். "எழுத மாட்டேன்னு சொன்னீங்க."

மாமா கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "அக்காவுக்குத் தெரியாமலே இருக்கலாமா பாப்பா? நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. அதான் படத்துல சொன்னேன். எல்லாம் உங்கம்மாவுக்காகத்தான். பெரியவளானா உனக்கே புரியும்."

பெரியவளானேன். புரிந்தது என்றே நினைத்தேன். ஒரு தம்பி தன் அக்காவுக்குக் கெட்ட செய்தி சொல்ல வேறு வழி தெரியாமல் தவித்திருக்கிறான், அதில் என் ரகசியம் நசுங்கிவிட்டது, அவ்வளவுதான் என்று பல வருஷம் மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அந்த அறைக்குள் மட்டும் பிறகு நான் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மா ஸா மேலும் சில வருஷம் வந்தாள், நான் படிக்கவில்லை. அம்மா லான்மடாவிலேயே ஒரு கருவாட்டுக் கடையில் எடை போடும் வேலைக்குப் போனாள். அவள் புடவையில் அந்த வாடை கடைசிவரை இருந்தது. மாமா ஊருக்கு வெளியே மாவ்பியில் பெண் எடுத்துக் கோழி வளர்க்கப் போய்விட்டார்.

அம்மா படுக்கையோடு படுக்கையாக இருந்த காலத்தில் ஒரு பகல், நான் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தேன். அவளாகவே பேசினாள்.

"உன்னை ஒரு தரம் அடிச்சிட்டேன்ல."

"அதை ஏம்மா இப்ப."

"எனக்கு முன்னாடியே தெரியும்டி. அந்தப் புள்ள பொறந்தப்பவே தெரியும். உன் மாமன்தான் இன்சீன் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னான். நான்தான், விட்ரா, அவரு வீட்டுக்கு வர்ற மட்டும் வரட்டும், நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்னேன். தெரிஞ்சதாக் காட்டிக்கிட்டா ஒண்ணு சண்டை போடணும், இல்ல அனுப்பணும். நான் ரெண்டும் செய்யாம இருந்தேன். நீ போய்ப் பாத்துட்டு வந்து அதைச் சிரிப்பாக்கிட்டியேன்னுதான் கை நீண்டுடுச்சு."

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. அவள் அன்று என்னிடம் ‘என்ன பார்த்தாய்’ என்று கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரிடம் சொன்னாய் என்றுதான் கேட்டாள்.

மாமாவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு யாருக்குச் சொல்வதற்காகப் படத்தில் சொன்னார்? அம்மா இருந்தவரை நான் அதைத் தோண்டவில்லை. அவள் போன பிறகும் மாவ்பிக்குப் போக மனம் வரவில்லை.

இப்போது சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போவதற்காக அந்த மொழி படிக்கிறாள். இன்று ரங்கூனில் பாதிப் பிள்ளைகள் அதைத்தான் படிக்கிறார்கள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் பர்மியத்தில்தான் வரும். வாசித்துப் பழக எளிதாக இருக்கும் என்று டீச்சர் ஏதோ பழைய படக்கதையைச் சொன்னாராம், போனில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். மாலுமிக் காலர். மடிப்புப் பாவாடை. வலது கையில் சோறு.

"இவளை எனக்குத் தெரியும்" என்றேன். மகள் நம்பவில்லை. பனிப் பொம்மைப் பக்கத்தை அவள் திருப்புவதற்கு முன்பே நான் சொன்னதும்தான் போனை என்னிடம் கொடுத்தாள்.

கம்பத்துக்குப் பின்னால் அவள் நிற்கும் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். "இவ என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

மகள் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலம்மா. இதுல எழுத்தே இல்ல."

உண்மைதான். கட்டம் பேச்சில்லாமல் இருந்தது. தோளில் இருந்தது திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையாம். கடைசிப் பக்கத்தில் அப்பா மகளையும் மறுதோளில் ஏற்றிக்கொண்டு போகிறார்.

புத்தக முடிவில் அதை வரைந்தவர், இப்போது வயதான பெண்மணி, அந்தப் படக்கதைப் பெண் உருவான விதத்தை எழுதியிருந்தார். மகள் தட்டுத்தடுமாறிப் படித்துச் சொன்னாள். அந்தக் குறும்புக்காரி அவருடைய தங்கைதான். தங்கை செய்த கூத்துகளைத்தான் பெண்பிள்ளைகளின் மாதப் பத்திரிகைக்கு வரைந்து அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதலில் தங்கையிடம் காட்டுவாராம். வேண்டாம் என்று அவள் சொன்ன பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வரைவாராம். கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் படத்தைக் காட்டியபோது தங்கை, படம் இருக்கட்டும், நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதை மட்டும் எழுதாதே என்றாளாம். அதனால் அந்தக் கட்டத்தைப் பேச்சில்லாமல் விட்டுவிட்டாராம்.

"என்னம்மா, அழுறியா?" என்றாள் மகள்.

அந்த வாரம் நான் பஸ் ஏறி மாவ்பிக்குப் போனேன். மாமா கோழிக் கொட்டகைக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். தலை முழுக்க நரை, கைவிரல்கள் நடுங்கின. என்னைப் பார்த்ததில் உண்மையாகவே மகிழ்ந்தார். மகளைப் பற்றிக் கேட்டார், சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். நான் பேச்சை வளர்க்கவில்லை.

"அம்மாவுக்கு முன்னாடியே தெரியும்னு உங்களுக்குத் தெரியும்ல மாமா?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏன் எழுதுனீங்க? அம்மாவுக்காகன்னு சொன்னீங்களே."

"உன்கிட்ட வேற என்னத்தச் சொல்றது, சின்னப் புள்ள." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அன்னைக்குச் சாயங்காலம் அச்சுக்கூடத்துல பக்கத்தைக் குடுத்தாகணும் பாப்பா. எல்லாம் முடிஞ்சிடுச்சு, அந்த ஒரு கட்டம் மட்டும் காலியா கெடக்குது. என்னென்னவோ போட்டுப் பாத்தேன். நீ சொன்னதவிட நல்லதா ஒண்ணும் வரல."

"காலியாவே விட்டிருக்கலாம்."

"காலியா விட்டா எவன் சிரிப்பான்?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் குற்ற உணர்ச்சியைத் தேடினேன். தொழில் தெரிந்த ஒருவர் தெரியாத ஒருத்திக்கு விளக்கும் பொறுமைதான் இருந்தது. "அந்த ஒரு வசனத்தால அந்த மாசம் மறுபடியும் அச்சடிச்சாங்க, தெரியுமா? அதுமாதிரி வசனம் அதுக்கப்புறம் எனக்கு அமையவே இல்ல."

பிறகு அதைப் பர்மியத்தில் சொல்லிப் பார்த்தார். மெதுவாக, டாவ்டாவ் வாசித்ததுபோல மூக்கால். பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறி, கண்ணில் நீர் வந்தது. நான் எழுந்துபோய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீயும் சிரி பாப்பா" என்றார். "எத்தனை வருஷம் ஆச்சு."

நான் குவளையை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.